ஒருத்திக்கு மட்டும் கேட்கும் ஒலி

புறத்தே எந்த ஒலிமூலமும் இல்லாதபோது ஒருவர் தம் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ தொடர்ந்து கேட்கும் ஒலியை மருத்துவம் டின்னிட்டஸ் என்று குறிக்கிறது. தமிழில் அது காது இரைச்சல் எனப்படுகிறது. மகப்பேற்றை அடுத்த நாள்களிலும் வாரங்களிலும் சில பெண்களுக்கு இவ்விரைச்சல் புதிதாகத் தோன்றுவதும், முன்பே இருந்தது மிகுவதும், அதனுடன் கேட்புத்திறன் குறைவதும் உண்டு. இதன் காரணத்தைக் கண்டறிவது மருத்துவத்தின் பணி. ஆனால் வேறெவரும் கேட்க இயலாத ஓர் ஒலியைத் தான் கேட்பதாக ஒருத்தி சொல்லும்போது, அவள் சொல்லின் மெய்ம்மை எதனால் நிறுவப்படும், அவ்வொலி எவ்வகை அறிவு, அதைத் தாங்குவதற்குச் சமயங்கள் கூறும் அறிவுரைகளுள் எவை அவள் நிலைக்குப் பொருந்தும் என்பவை மெய்யியலின் வினாக்களாகும். உபநிடதங்களும் யோக நூல்களும் சைவ சித்தாந்தமும் உள்ளிருந்து எழும் ஒலியைப் பற்றி நிறையவே பேசியிருக்கின்றன. எனினும் அவை மனத்திற்கொண்ட கேட்போர், தனித்திருக்க இடமும் பொழுதும் வாய்த்த சாதகர்களே தவிர, தொட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மார் அல்லர். அந்நூல்களின் கருத்துகளை இவளிடம் கொண்டுவரும்போது எவை நிற்கின்றன, எவை நில்லாமல் போகின்றன என்று பார்ப்பது பயனுடையது.

மருத்துவம் சொல்லும் காரணங்கள் பலவாக இருப்பதை முதலில் கருத வேண்டும். கருவுற்ற காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுவதாலும், பேற்றின்போது இழந்த இரத்தத்தால் சோகை ஏற்படுவதாலும் இரத்த ஓட்டம் விரைந்து, நாடித்துடிப்போடு ஒத்திசைந்து துடிக்கும் ஒலி காதில் கேட்கலாம். அறுவைப் பேற்றுக்காக முதுகில் மரப்பு ஊசி போடும்போது தண்டுவட உறையில் ஏற்பட்ட துளை வழியே நீர் கசிந்தால், அந்நீரோடு நுண்குழாயால் தொடர்புடைய உட்செவி நீரின் அழுத்தமும் குறைந்து, எழுந்து உட்கார்ந்தால் மிகும் தலைவலியோடு தாழ்ந்த சுருதி ஒலிகள் மங்கி இரைச்சலும் தோன்றலாம். இது பெரும்பாலும் தானே சரியாகிவிடுகிறது. பேற்றுக்குப் பின் உடல் எடை விரைந்து குறையும்போது, தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் மூடாமல் திறந்தே நின்று, தன் குரலும் மூச்சும் தன் காதிலேயே உரக்க ஒலிப்பதாகச் சிலர் உணர்கின்றனர். நடுச்செவியின் மிகச் சிறிய எலும்பான அங்கவடி எலும்பைச் சூழ்ந்து புது எலும்பு வளர்ந்து அதன் அசைவைத் தடுக்கும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. அது கருவுறுதலால் முற்றுகிறது என்று நெடுங்காலம் பாடநூல்கள் எழுதிவந்தன. ஆனால் 2005இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு, இந்நோயுள்ள பெண்களில் குழந்தை பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே கேட்புத்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. இவற்றோடு, ஒரு காது ஓரிரு நாள்களுக்குள் திடீரெனக் கேளாமற்போவதும், கடும் தலைவலி, பார்வை மங்கல் அல்லது மிகை இரத்த அழுத்தத்துடன் இரைச்சல் வருவதும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலைகள். எவ்வளவு உயர்ந்த பொறுமை உபதேசமும் அங்கே தீங்காகவே முடியும்.

அவ்வொலி எவ்வகை அறிவு என்னும் வினாவுக்கு வந்தால் அளவை துணையாகிறது. அளவை என்பது அறிவு எவ்வழியாக மெய்யென்று துணியப்படுகிறது என ஆராயும் துறை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், தன் அளவை இயலில் காட்சியை நான்காக வகுக்கிறது: பொறிகள் பொருளோடு கூடியபோது எழும் வாயிற்காட்சி, மனம் அதைத் தெளிந்து கொள்ளும் மானதக் காட்சி, இன்ப துன்பங்களை உயிர் தன்னுள் நுகர்ந்தறியும் தன்வேதனைக் காட்சி, தவத்தால் மலம் நீங்கியவர் இடமும் காலமும் கடந்தறியும் யோகக் காட்சி. காது இரைச்சலை இவற்றுள் எங்கே வைப்பது? பொறி இருக்கிறது, அதனோடு கூடிய புறப்பொருள் இல்லை. ஆகவே அதை வாயிற்காட்சி என்பதற்கில்லை. பொருள் இல்லாதபோது எழுந்த அறிவு என்பதால் திரிவுக்காட்சி, அதாவது பிழையான அறிவு, என்று ஒதுக்குவதும் எளிதன்று. கயிற்றைப் பாம்பென்று கொண்டவனிடம் கயிறு என்னும் பொருள் இருந்தது, அதைப் பற்றிய துணிபு பிழைத்தது. இரைச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில் மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திப் பார்த்து, சுவர்க்கோழி எங்கோ இருக்கிறது என்று தேடுகிறவளிடம் அத்தகைய பிழை உண்டு என்று சொல்லலாம். ஒலி தன்னுள்ளிருந்தே வருகிறது என்று அவள் தெளிந்தபின் அவள் துணிபில் பிழை ஏதுமில்லை. இருந்தும் ஒலி நிற்பதில்லை.

இந்த இடத்தில் அத்வைத வேதாந்திகள் செய்த ஒரு பாகுபாடு கைகொடுக்கிறது. உண்மை தெரிந்தவுடன் மறைந்துவிடும் மயக்கத்தை அவர்கள் நிருபாதிக பிரமம் என்றும், தன்னைத் தோற்றுவிக்கும் சார்புப் பொருள் நீங்கும்வரை உண்மை தெரிந்தபின்னும் தொடரும் மயக்கத்தைச் சோபாதிக பிரமம் என்றும் பிரித்தனர். கயிற்றரவு முன்னதற்கும், செம்பரத்தை அருகிலிருக்கச் சிவந்து தோன்றும் பளிங்கு பின்னதற்கும் எடுத்துக்காட்டு. பளிங்கு நிறமற்றது என்று அறிந்தவன் கண்ணுக்கும் அது சிவப்பாகவே தெரியும். காது இரைச்சல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அறிவு அதன் மீதான அச்சத்தை நீக்கக்கூடுமே ஒழிய, ஒலியை நீக்கக் கடமைப்பட்டதன்று. இப்பாகுபாட்டை நினைவிற்கொண்டால், ஒன்றுமில்லை, மனப்பிரமை, நினைக்காமல் இருந்தால் போய்விடும் என்று சுற்றத்தார் சொல்லும் ஆறுதல் ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். அவர்கள் பளிங்குக்குக் கயிற்றின் மருந்தைக் கொடுக்கிறார்கள்.

ஒலியையும் அதனால் வரும் துன்பத்தையும் பிரித்து நோக்குவதற்கும் சித்தியாரின் வகைப்பாடு இடம் தருகிறது. கேட்பியல் ஆய்வகத்தில் வெளியிலிருந்து ஒலிகளைக் கொடுத்து, எந்தச் சுருதியும் எந்த உரப்பும் உள்ளிருக்கும் இரைச்சலுக்கு ஒப்பாகின்றன என்று கேட்டறியும் சோதனையொன்று உண்டு. மிகக் கொடிதென்று கூறப்படும் இரைச்சலும் அச்சோதனையில் பெரும்பாலும் கேட்பு எல்லைக்குச் சில டெசிபல் மேலாகவே அமைகிறது. உரப்பின் அளவுக்கும் துன்பத்தின் அளவுக்கும் நேரான தொடர்பு காணப்படுவதில்லை. ஆகவே ஒலி பொறிவழிப்பட்ட ஒரு தோற்றமாகவும், அதனால் விளையும் துயர் தன்வேதனையாகவும் இருவேறு அடுக்குகளாக உள்ளன. முன்னதன் பொருள் பொய்யாயினும் பின்னது பொய்யாவதில்லை. துன்புறுகிறேன் என்று உணர்வதில் ஐயத்துக்கும் திரிவுக்கும் இடமே இல்லை என்பது அளவை நூலார் பலரும் ஒப்புவது.

உள்ளொலியைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று பிருகதாரண்யக உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. மனிதனுக்குள் இருந்து உணவைச் செரிக்கச் செய்யும் தீ வைசுவாநரம் எனப்படும். காதுகளை மூடிக்கொண்டால் கேட்பது அத்தீயின் முழக்கம். உடலை விட்டு நீங்கப்போகிறவன் அம்முழக்கத்தைக் கேட்பதில்லை என்கிறது அந்நூல். சாந்தோக்கிய உபநிடதமும் காதை மூடினால் எழும் ஒலியை எரியும் நெருப்பின் ஓசையோடு ஒப்பிட்டு, அதை உள்ளிருக்கும் ஒளியின் அடையாளமாகக் கொள்கிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கேட்புக்குறை ஏதுமில்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் ஒவ்வொருவராகச் சில நிமிடங்கள் உட்காரவைத்துக் கேட்டபோது, அவர்களுள் 94 சதவீதத்தினர் ஏதேனும் ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். உபநிடத முனிவரின் தீ இன்றைய உடலியலில் இல்லை. ஆனால் உயிருள்ள உடல் முழு அமைதியைக் கொண்டதன்று என்னும் அவர் கூற்று இச்சோதனையோடு முரண்படவில்லை. இரைச்சலால் வருந்தும் பெண் தான் இழந்ததாக எண்ணும் மோனம், பெரும்பாலும், பிற ஒலிகளால் மூடப்பட்டிருந்ததும் கவனம் செல்லாதிருந்ததுமான ஒரு மெல்லொலியே. இது அவள் துயரைச் சிறிதாக்குவதற்காகச் சொல்லப்படுவதன்று. அவள் உடல் கெட்டுப்போனது என்னும் அச்சத்துக்கு இக்கருத்து ஓரளவு மாற்றாகும் என்பதே இதன் பயன்.

திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் யோகியின் உள்ளே எழும் பத்து நாதங்களை எண்ணுகிறது: மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். 15ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையும் காதுகளை மூடி உள்ளொலியில் மனத்தை நிறுத்தும் நாதாநுசந்தானம் என்னும் பயிற்சியை விரித்துரைத்து, கடல் முழக்கமும் மேக முழக்கமும் முதலில் கேட்கும் என்றும், பயிற்சி முதிர முதிர வண்டின் ரீங்காரமும் வீணையின் ஒலியும் போன்ற நுண்ணொலிகள் எழும் என்றும் வரிசைப்படுத்துகிறது. காது இரைச்சலுக்கு ஆளானோர் இன்று தாம் கேட்பதை விவரிக்கும் சொற்களும் இவையே: கடல், சங்கு, வண்டு, மணி. இவ்வொப்புமையைக் கண்டு, இரைச்சல் என்பது உண்மையில் நாதம், அது இறையருளால் கிடைத்த பேறு என்று பெண்களுக்கு ஆறுதல் சொல்லும் ஆன்மிகப் பேச்சாளர்கள் உண்டு. அப்பேச்சு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் நூற்கருத்துக்கு மாறானது. யோக நூல்கள் கூறும் நாதம் தேடிச் சென்று, குருவின் துணையோடு, படிப்படியாக அடையப்படுவது. ஒலி வேறொன்றாக மாறிக்கொண்டே சென்று இறுதியில் மனத்தோடு ஒடுங்குவதே அதன் இலக்கணம். வேண்டாமல் வந்து, ஆண்டுக்கணக்கில் ஒரே சுருதியில் நின்று, உறக்கத்தைக் கெடுப்பது அவ்விலக்கணத்துள் அடங்காது. பணிந்தவர்க்கன்றிப் பிறர்க்கு அந்நாதங்கள் எட்டா என்னும் கருத்தையும் திருமூலர் அவ்விடத்திலேயே வைத்திருக்கிறார். மருத்துவம் கண்டறிய வேண்டிய ஒரு குறியைச் சித்தியாகப் போற்றுவது, சோகையோ இரத்தக் கட்டோ கவனிக்கப்படாமல் போவதற்கும் வழியாகும். மேலும், வெறும் இரைச்சலாக இல்லாமல் பேசும் குரல்களாக, கட்டளைகளாக ஒலி கேட்குமாயின் அது பேற்றுக்குப் பின் அரிதாக வரும் கடும் மனநோயின் அடையாளமாகலாம். அதை அருள்வாக்கு என்றோ பேய்க்குரல் என்றோ கொள்ளும் இல்லங்களில் தாயும் சேயும் இடருக்கு ஆளாகின்றனர்.

ஆயுர்வேதத்தின் சுசுருத சங்கிதை இருபத்தெட்டுக் காது நோய்களை எண்ணி, அவற்றுள் ஒன்றைக் கர்ணநாதம் என்று பெயரிட்டு, ஒலியைச் சுமக்கும் வழிகளில் வாயு புகுவதே அதன் காரணம் என்கிறது. பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, காதில் பஞ்சு வைத்து, தலையோடு துணி கட்டிக் காற்றுப் படாமல் காக்கும் தமிழக வழக்கமும் இதே வாயுக் கொள்கையின் வீட்டு வடிவமாகத் தோன்றுகிறது. அவ்வழக்கத்தின் உட்கருத்து அவளுக்கு ஓய்வும் காப்பும் தர வேண்டும் என்பதே, அதை இகழ்வதற்கில்லை. ஆயினும் காதை அடைத்தால் வெளியொலிகள் குறைந்து உள்ளொலி உரத்துக் கேட்கும் என்பதை உபநிடத முனிவரே அறிந்திருந்தார். பஞ்சு வைத்த காதில் இரைச்சல் மிகுவதும், மிகுந்ததைக் கண்டு இன்னும் இறுக அடைப்பதும் பல வீடுகளில் நடப்பது. காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவது, செவிப்பறையில் துளையிருந்தால், நேரடித் தீங்காகிவிடும்.

இதைவிட ஆழமான காயத்தை உண்டாக்குவது வினைக்கொள்கையின் கொச்சை வடிவம். முன்செய்த வினைகளின் தொகுதி சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம், நுகரும்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம் என்று சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது. ஒருத்தியின் காதுநோய் பிராரத்தம் என்று கூறுவது அக்கொள்கைக்குள் பொருத்தமானதே என்றாலும், அக்கூற்று அவள் செய்த குறிப்பிட்ட குற்றம் எது என்று எவருக்கும் அறிவிப்பதில்லை. எவ்வினை எப்பயனைத் தரும் என்று கூட்டுவிப்பவன் இறைவன், உயிர்கள் அதை அறியா என்பதும் அதே சித்தாந்தத்தின் முடிபு. ஆகவே கருவுற்றிருந்தபோது இன்ன நேர்ச்சையைச் செலுத்தவில்லை, இன்ன கோயிலுக்குப் போகவில்லை, அதனால்தான் இது என்று ஒரு மாமியாரோ சோதிடரோ கணக்குச் சொல்வது, இறைவனுக்குரிய அறிவைத் தமதென்று கொள்வதாகும். சித்தாந்த நோக்கில் மனிதர் கையில் இருப்பது ஆகாமியம் மட்டுமே, அதாவது இத்துன்பத்தின் முன்னிலையில் அவளும் அவளைச் சூழ்ந்தோரும் இனிச் செய்வது. இந்தப் பகுதி சமயப் பேச்சுகளில் மிகக் குறைவாகவே வலியுறுத்தப்படுகிறது.

தாங்குதல் பற்றிய அறிவுரைகளுக்கு வருவோமாயின், பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் புலன் தொடர்பால் வரும் இன்ப துன்பங்கள் வந்து போகும் இயல்பின, ஆதலால் பொறுத்துக்கொள்க என்கிறது. இவ்வாதத்தின் வலிமை முழுவதும் அவை போய்விடும் என்பதில் தங்கியுள்ளது. பேற்றுக்குப் பின் வரும் இரைச்சல் பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடுவதால் அவர்களுக்கு இது போதும். போகாமல் நின்றுவிடுகிறவர்களுக்கு இவ்வறிவுரை ஒரு கட்டத்தில் பொய்யாகத் தோன்றத் தொடங்குகிறது. பௌத்தத்தின் சம்யுத்த நிகாயத்தில் உள்ள சல்லத்த சுத்தம் வேறு வழியை எடுக்கிறது: பயிற்சியில்லாதவன் ஓர் அம்பு தைத்தபின் அதைத் தொடர்ந்து இரண்டாவது அம்பும் தைத்தவன்போல உடல் நோவோடு மன நோவையும் அடைகிறான், பயின்றவனோ ஓர் அம்பின் நோவை மட்டும் அறிகிறான் என்பது அதன் கருத்து. முதல் அம்பு பிடுங்கப்படும் என்று அது வாக்களிப்பதில்லை. 1990இல் பாவெல் ஜாஸ்ட்ரபாஃப் முன்வைத்த நரம்பியல் விளக்கம் ஏறத்தாழ இவ்விடத்திற்கே வந்து சேர்கிறது. செவிநரம்பு வழியில் தோன்றும் ஒரு சிறு குறியை மூளை அபாயம் என்று பொருள்கொண்டால், உணர்ச்சியையும் உடற்பதற்றத்தையும் ஆளும் பகுதிகள் விழித்து அக்குறியை மேலும் முன்னிறுத்துகின்றன. அபாயமில்லை என்று மூளை பழகியபின் ஒலி இருந்தபடியே கவனத்திலிருந்து பின்வாங்குகிறது. இதற்குப் பழகுதல் என்று பெயர். அறிதல்-நடத்தை சிகிச்சையின் பயன் பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: அது குறைப்பது இரைச்சலின் உரப்பையன்று, அதனால் வரும் துயரை.

எனினும் பிரத்தியாகாரம், அதாவது புலன்களை அவற்றின் பொருள்களிலிருந்து உள்ளிழுத்தல், தாய்க்கு விதிக்கத்தக்கதா என்பதில் தயங்க வேண்டியிருக்கிறது. அவள் காது இப்போது அவளுக்கு மட்டும் உரியதன்று. குளியலறையில் நீர் விழும் ஓசையிலும் மின்விசிறியின் சுழற்சியிலும் குழந்தை அழுவதாகக் கேட்டு ஓடிவந்து பார்ப்பது பேற்றையடுத்த மாதங்களில் பல தாய்மாருக்கு வழக்கமான அனுபவம். ஒரு குரலுக்காகச் செவி எந்நேரமும் ஏவப்பட்டிருப்பதன் விளைவு அது. அவ்விழிப்பை அடக்குக என்று சொல்வது அவள் மேற்கொண்டுள்ள கடமைக்கு எதிரானது. உறக்கமின்மையோ அவ்விழிப்பையும் இரைச்சலையும் ஒருங்கே கூர்மையாக்குகிறது. எனவே இவளுக்கு ஏற்றது புலனை ஒடுக்கும் யோகம் அன்று என்றே கொள்ள வேண்டும். அறையில் மெல்லிய ஒலி ஏதேனும் இருக்கவிட்டு, இரைச்சலோடு போரிடாமலும் அதைத் தியானப் பொருளாக உயர்த்தாமலும், செவியைக் குழந்தையிடமும் உரையாடலிடமும் வெளியே செல்லவிடுவதே அவள் நிலைக்கு இசைந்த ஒழுக்கம். இது எந்தச் சாதன நூலிலும் வரிசைப்படுத்தப்படாத எளிய ஒழுக்கம். துறவிகள் எழுதிய நூல்களில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று.

இரைச்சலோடு கேட்புக்குறையும் சேர்ந்தால் துயரின் தன்மை மாறுகிறது. குழந்தைகளின் மழலையைக் குழலினும் யாழினும் இனிதாக வைக்கும் திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தைக் கற்று வளர்ந்த பண்பாட்டில், அம்மழலை மங்கலாகவே எட்டுவது வெறும் பொறிக்குறையாக உணரப்படுவதில்லை. தாய்மையில் குறை என்றே அவள் அதை எடுத்துக்கொள்கிறாள். கூப்பிட்டும் திரும்பாதவளை அலட்சியக்காரி என்று வீடும் எளிதில் சொல்லிவிடுகிறது. ஒரு காதில் மட்டும் கேட்கும் பெண், நல்ல காதைத் தலையணையில் வைத்து உறங்கிவிட்டால் குழந்தையின் அழுகை அவளுக்கு எட்டாது என்பது எவரும் அறியக்கூடிய எளிய உண்மை. ஆனால் அது எண்ணிப் பார்க்கப்படுவதற்கு முன்பே குற்றச்சாட்டு வந்துவிடுகிறது.

இங்கே மீண்டும் அளவைக்குத் திரும்ப வேண்டும். அவள் கேட்கும் ஒலியைப் பிறர் காட்சியால் அறியப் பெரும்பாலும் வழியில்லை. கருதல் அளவை, அதாவது குறியைக் கொண்டு ஊகித்தறிதல், எல்லா நேரமும் உதவுவதில்லை. கேட்பு வரைபடமான ஆடியோகிராம் இயல்பாகவே இருக்க, இரைச்சல் மட்டும் கடுமையாக இருப்பது உண்டு. எஞ்சுவது உரையளவை, அதாவது நம்பத்தக்கோர் சொல். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்சியாயனர் நம்பத்தக்கவர் யார் என்பதற்கு இலக்கணம் கூறும்போது, பொருளை நேரில் அறிந்து, அறிந்தவாறே பிறர்க்கு உரைக்க விழைபவரே ஆப்தர் என்று வரையறுத்து, இவ்விலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒன்றே என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பிறப்பும் கல்வியும் தவமும் அங்கே கேட்கப்படவில்லை. அவ்விலக்கணப்படி தன் காதைப் பற்றி ஆப்தர் அப்பெண் ஒருத்தியே. மருத்துவரின் ஊகமும் அவள் சொல்லிலிருந்தே தொடங்குகிறது, எந்தக் காதில், எப்போதிருந்து, துடிப்போடா துடிப்பின்றியா, எழுந்தால் மிகுகிறதா என்னும் வினாக்களுக்கு அவளன்றி விடைசொல்வார் இல்லை. வீட்டார்க்கும் இவ்வளவையால் ஒரு கடப்பாடு விளைகிறது. கேட்கவில்லை என்று அவள் சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்கப் பின்னாலிருந்து கைதட்ட வேண்டியதில்லை; முகம் பார்த்துப் பேசுவதும், காது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், இரவில் தொட்டில் பக்கம் கணவன் படுத்துக்கொள்வதும் போதும்.